தண்ணிக்குப் பதிலா ஒரு கெமிக்கல்

தளம் போடும் எந்த இடத்தில் போய் நின்றாலும் ஒரு குரல் கேட்கும்: "கலவை கெட்டியா இருக்கு, இன்னும் கொஞ்சம் தண்ணி விடு!" அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போமா?

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் 25 லிட்டர் தண்ணீர். சிமெண்ட் முழுமையாக வினைபுரிய ஏறக்குறைய 0.4, அதாவது 20 லிட்டரே போதும். மீதி, கலவை இளகுவதற்கு மட்டும்தான். இன்னும் 5 லிட்டர் விட்டால் விகிதம் 0.6 ஆகிவிடும். வினையில் சேராத தண்ணீர் பிறகு காய்ந்துபோகும். அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கும். விகிதம் ஏற ஏற வலிமை இறங்கும் என்று 1918-ல் டஃப் ஏப்ரம்ஸ் சொன்னதை நாம் எல்லோரும் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தவர்கள்தானே! துளை வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிப்பது அடுத்த கதை.

ஆனால் தண்ணி கேட்கும் கொத்தனாரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்க அப்பாவும் கொத்தனார்தான். கெட்டிக் கலவையைக் கம்பிகளுக்கு இடையில் குத்தி இறக்குவது எவ்வளவு சிரமம் என்று அவர் கையைப் பார்த்தாலே தெரியும். சரியாக இறங்காவிட்டால் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். அதற்கும் பேச்சு வாங்குவது அவர்தான்.

சரி, கலவை ஏன் கெட்டியாகிறது? தண்ணீர் பட்டதும் சிமெண்ட் துகள்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கொத்துகளுக்குள் மாட்டிக்கொள்ளும். தண்ணி இருக்கு, ஆனா வேலைக்கு வராது! பிளாஸ்டிசைசர் துகள்களின் மேல் படிந்து எல்லாவற்றுக்கும் எதிர்மின்னூட்டம் கொடுக்கிறது. ஒரே மின்னூட்டம் விலக்கும் அல்லவா? கொத்து கலைகிறது, மாட்டியிருந்த தண்ணீர் வெளியே வருகிறது.

முதலில் வந்தது காகித ஆலைகளில் மரக்கூழ் தயாரிக்கும்போது கிடைக்கும் லிக்னோசல்ஃபோனேட். இது தண்ணீரை 5 முதல் 10 சதவீதம் குறைக்கும். 1960-களில் ஜப்பானில் நாஃப்தலீன் வகையும் ஜெர்மனியில் மெலமைன் வகையும் வந்தன. இவைதான் சூப்பர் பிளாஸ்டிசைசர். 20 சதவீதம், அதற்கு மேலும் குறைக்கும். 1980-களில் ஜப்பானில் வந்த பாலிகார்பாக்சிலேட் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சீப்புப் பல் போன்ற அதன் பக்கச் சங்கிலிகள் துகள்களை நெருங்கவே விடாது.

நம் மூட்டைக்கு வருவோம். சிமெண்ட் எடையில் 1 சதவீதம் என்றால் அரை கிலோ கெமிக்கல். 25 லிட்டரில் 20 சதவீதம் குறைந்து 20 லிட்டர், விகிதம் 0.4. இளக்கமும் போகாது, வலிமையும் கூடும்.

"பி.வி.சி.யில் போடுகிற பிளாஸ்டிசைசரும் இதுதானா?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். பெயர் மட்டும்தான் ஒன்று. அங்கே தாலேட் போன்ற எண்ணெய்ப் பொருள் பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்து அவை வழுக்கி நகர இடம் தருகிறது. ஒயர் உறை வளைவதும், அது கலக்காத தண்ணீர்க் குழாய் விறைப்பாக நிற்பதும் இதனால்தான். வருடக்கணக்கில் அது கசிந்து போவதால்தான் பழைய ஒயர் உறை விறைத்து வெடிக்கிறது. காங்கிரீட்டில் உள்ளதோ ஈரக் கலவையை மட்டும் இளக்கும்; இறுகிய பின் அதற்கு அந்த வேலை இல்லை.

சைட்டுக்குப் போகும்போது சில விஷயங்கள்: காய்ந்த சிமெண்டில் நேரே ஊற்றக் கூடாது, முதலில் பெரும்பகுதித் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். அளவு மீறினால் ஜல்லி தனியே பிரியும், இறுகவும் தாமதமாகும். நாஃப்தலீன் வகையையும் பாலிகார்பாக்சிலேட் வகையையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. வெயில் நாளில் இளக்கம் சீக்கிரம் குறையும். அப்போது ஓஸைத் திறந்துவிட்டால் செய்த கணக்கெல்லாம் வீண். சிமெண்ட் பிராண்டு மாறினாலும் ஒருமுறை ஸ்லம்ப் பார்த்துவிட்டே தளத்தில் ஏற்றுங்கள்.

— மூன்றாமாண்டு சிவில் மாணவன்