பூட்டிய காம்பராவும் வீட்டு நாயும்

அக்கரப்பத்தனைப் பகுதியிலுள்ள தேயிலைத் தோட்டங்களில், காலைப் பிரட்டுக்கு ஆட்கள் புறப்பட்டுச் சென்றபின் லயங்களில் ஆள் அரவம் குறைந்துவிடும். தாயும் தகப்பனும் மலைக்குச் செல்வர். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவிற்கும், மூத்த பிள்ளைகள் பாடசாலைக்கும் செல்வர். வீட்டில் எஞ்சியிருப்பது நாய் ஒன்றே. மாலையில் அவர்கள் திரும்பும்போது கதவின் அடிப்பலகை பிறாண்டப்பட்டிருக்கும், கம்பளி கிழிந்திருக்கும், பிள்ளையின் பாடப் புத்தகம் துண்டு துண்டாய்க் கிடக்கும். பகலெல்லாம் நாய் ஊளையிட்டதாக அடுத்த காம்பராவில் உள்ளவர்கள் முறையிடுவர். ஒரே சுவரைப் பங்கிட்டு வாழும் லயத்தில் அம்முறையீடு எளிதிற் சண்டையாக வளரும்.

நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு இவ்விழப்பு சிறிதன்று. ஆதலின் முதலில் நாய்க்கு அடி விழுகிறது, பின்னர்ச் சங்கிலி, அதுவும் பயனற்றபோது, சாக்கிலிட்டுத் தொலைவிலுள்ள கடைவீதியில் விட்டுவரும் முடிவு. பழகிய வீட்டை இழந்த நாயின் கதி அதன்பின் யாதென்பதைக் கூறவேண்டியதில்லை.

“தன்னை விட்டுப் போனதற்காக நாய் பழி தீர்க்கிறது” என்பது பலரது எண்ணம். இது தவறாகும். நட்பைப் பற்றிக் கூறும் நாலடியார், யானை போன்றவரை விட்டு நாய் போன்றவரையே நண்பராகக் கொள்ளவேண்டும் என்கிறது. அத்தகைய பற்றே இங்கு நோயாகவும் மாறுகிறது. ஜெர்மனியிலே பொன் நகருக்கு அருகில், ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட நாயொன்றின் எலும்புகள் 1914ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டன. இத்துணை நெடுங்காலம் மனிதனைச் சார்ந்து வாழ்ந்த விலங்கு, தனிமையைத் தானாகவே தாங்கிக்கொள்ளும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. தனித்திருத்தல் அதற்குக் கற்பிக்கப்பட வேண்டிய ஒரு பாடம்.

முதலிற் காரணத்தை அறிதல் வேண்டும். 4 முதல் 7 மாதம் வரையுள்ள குட்டிக்குப் பால் பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். ஈறு உறுத்துவதால் அது அகப்பட்டதைக் கடிக்கும். இளநாய் வேலையின்மையாற் செருப்பைக் கடிக்கும். இவை வீட்டார் இருக்கும்போதும் நிகழக்கூடியவை. பிரிவால் துன்புறும் நாயோ, வீட்டார் சென்ற சிறிது நேரத்திற்குள், பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்திலேயே, கதவையும் சன்னலையும் தாக்கும்; ஊளையிடும்; எச்சில் ஒழுக்கும்; பழகிய நாயாயினும் உள்ளேயே சிறுநீர் கழிக்கும். அடுத்த காம்பராவில் இருப்பவரிடம் சினமின்றிக் கேட்டால், ஊளை எப்போது தொடங்கியது என்பதை அவரே கூறிவிடுவார்.

மாலையில் வந்து அடிப்பதால் பயனுண்டா? “செய்த குற்றம் அதற்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே விளங்குகிறது” என்பர். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. நாய்கள் தலைகுனிந்து ஒடுங்கியது குற்றம் செய்ததால் அன்று. எசமானர் கடிந்துகொண்டதாலேயே என்பது புலனாயிற்று. குற்றமற்ற நாயும் கடியப்பட்டபோது அம்முகத்தையே காட்டியது. காலையில் நிகழ்ந்த செயலுக்கு மாலையில் விழும் அடியை நாய் தொடர்புபடுத்த அறியாது. வீட்டார் வருகையையே அஞ்சத் தொடங்கி, மறுநாள் மேலும் கலங்கும்.

இனிப் பரிகாரம். மணியோசையை உணவோடு சேர்த்துக் கேட்ட நாய், பின்னர் ஓசை கேட்டவுடனேயே எச்சில் ஊறியதை உருசிய அறிஞர் பாவ்லோவின் ஆய்வுகளால் உலகம் அறியும். அவ்வாறே, இடுப்பிற் படங்கு கட்டுவதும் கொழுந்துக் கூடையை எடுப்பதும் பிரிவின் அறிகுறிகளாக நாயின் மனத்திற் பதிந்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையிலும் போயா விடுமுறையிலும் படங்கைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே அமர்ந்திருக்கலாம். கூடையை எடுத்து மீண்டும் வைத்துவிடலாம். பலமுறை செய்தால் அவ்வறிகுறிகள் அச்சந் தருவதை விடும்.

அடுத்து, கதவைச் சாத்திவிட்டு அரை நிமிடம் வெளியே நின்று திரும்புதல் வேண்டும். நாய் அமைதியாயிருப்பின் ஒரு நிமிடம், பின்னர் மூன்று, பின்னர் ஐந்து எனப் படிப்படியாக நீட்டலாம். கலங்கினால் முந்திய படிக்கே திரும்புதல் வேண்டும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே கற்பித்தலின் முறை. நாய்க்கும் அதுவே பொருந்தும். இப்பயிற்சி முடியும்வரை, வேலைநாட்களில் அதனை லயத்திலுள்ள முதியவர் ஒருவரிடம் விட்டுச் செல்வது நன்று. பட்டினத்துத் தனிவீட்டாருக்கு எளிதிற் கிட்டாத இவ்வுதவி லயத்திற் சுவருக்கு அப்பாலேயே உள்ளது.

காலையிற் பீலிக்குத் தண்ணீர் எடுக்கச் செல்லும்போது நாயையும் உடன் நடத்திச் சென்றால் அதன் உடல் சற்றுக் களைக்கும். புறப்படுமுன் ரொட்டித் துண்டுகளைத் தரையிற் பலவிடங்களில் மறைத்து வைத்தால், மோப்பம் பிடித்துத் தேடுவதில் அதன் கருத்து செல்லும். போகும்போது கொஞ்சுதலும், வரும்போது ஆரவாரமும் வேண்டா. புத்தகம், உடை, அடையாள அட்டை முதலியவற்றை உயரத்தில் வைப்பது வீட்டாரின் கடமை.

சங்கிலி நாயின் அச்சத்தை நீக்காது, கழுத்தைப் புண்ணாக்கும். அவிழ்த்து விடுவதும் பரிகாரமன்று. மலையகத் தோட்டங்களிற் சிறுத்தைகள் உலவுகின்றன. நாய் அவற்றிற்கு எளிய இரை. தெருவில் அலையும் நாய்க்கு விசர்நோய் தொற்றும் அபாயமும் உண்டு. ஆகவே ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவித்தல் இன்றியமையாதது. துணைக்கு இன்னொரு நாய் வளர்த்தாலும் பெரும்பாலும் பயனில்லை. அது ஏங்குவது மனிதருக்காக. பல வாரப் பயிற்சியின் பின்னும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவிற்கு நாய் துடிப்பின் அரசாங்கக் கால்நடை வைத்தியரை நாடவேண்டும். இக்கலக்கத்தைத் தணிக்கும் மருந்துகளும் உள. அவை பயிற்சிக்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகமாட்டா.

கிழிந்த கம்பளியைத் தைத்துக்கொள்ளலாம். கதவுக்குப் புதுப்பலகை அடிக்கலாம். கடைவீதியிற் கைவிடப்பட்ட நாயைக் குழந்தைகள் கேட்டு அழும்போது கூறுவதற்குத்தான் விடையிராது. வீட்டார் போனால் திரும்பி வருவர் என்னும் ஒன்றையே அந்த நாய் கற்கவேண்டியிருக்கிறது. அதனைக் கற்பிக்கச் சில வாரப் பொறுமை போதும்.