காற்று தாங்கிய சுரங்கம்

ரொறன்ரோவின் யோர்க் மில்ஸ் சப்வே நிலையத்தில் துணித் துண்டுகளைக் கோத்துத் தைத்த பெரிய சித்திரம் ஒன்று தொங்குகிறது. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பலரும் அதைக் கடந்துவிடுவார்கள். ஒருமுறையாவது நின்று பாருங்கள். அங்கிருந்து சிறிது தொலைவில், ஹாக்ஸ் ஹாலோ என்ற பள்ளத்தில், 1960 மார்ச் 17ஆம் திகதி ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் நிலத்தடியில் இறந்தார்கள். அவர்களில் இருவர் உடன்பிறந்தவர்கள். அவர்களின் நினைவாகத் தைத்ததுதான் அந்தச் சித்திரம். டொன் ஆற்றின் கீழே, சுமார் 35 அடி ஆழத்தில், நகரத்துக்குத் தண்ணீர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

ஆற்றின் அடியில் தோண்டினால் தண்ணீர் உள்ளே வராதா? வரும். அதைத் தடுத்து நிறுத்தியது காற்றுதான். 10 மீற்றர் ஆழ நீர் ஏறக்குறைய ஒரு முழு வளிமண்டலத்தின் அமுக்கத்தோடு அழுத்தும். அதற்கு ஈடான அமுக்கத்தில் காற்றைச் சுரங்கத்துக்குள் அடைத்தால், ஈர மண்ணும் நீரும் வெளியிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஓர் ஆற்றையே தாங்கி நிற்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆனால் அந்தக் காற்றைத்தான் உள்ளே இருப்பவர் மூச்சாகவும் இழுக்கிறார். அமுக்கம் கூடக் கூட நைதரசன் அவருடைய குருதியிலும் கொழுப்பிலும் கரைகிறது. அவர் மெதுவாக வெளியே வந்தால் அது நுரையீரல் வழியே போய்விடும். சட்டென்று வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் பொங்கும். மூட்டுகள் முறுக்கும், முள்ளந்தண்டு பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம். ஆகவே சுரங்கத்துக்கும் வெளிக்கும் இடையிலுள்ள அமுக்க அறையில் காத்திருந்து, படிப்படியாகத்தான் வெளியேற வேண்டும்.

ஹாக்ஸ் ஹாலோவில் அன்று வெல்டிங் பொறி பட்டு ரப்பர் சுற்றிய கம்பிகள் எரிந்தன. அமுக்கிய காற்றில் ஒட்சிசனும் செறிந்து கிடப்பதால் தீ மூர்க்கமாகும். புகையோடு வரும் காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். உள்ளே தீயணைப்புக் கருவி இல்லை, கைவிளக்கு இல்லை. காற்றின் அமுக்கம் போனதும் சேறும் நீரும் புகுந்தன.

விதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த நகரம் மறுத்தது; விதிகளை எழுதச் சொன்னது. அரச ஆணைக்குழு ஒன்று அமைந்தது, பழைய சட்டங்கள் மாறின. 1979இல் நடைமுறைக்கு வந்த தொழிற் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தில் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் உறுதியானது. மொழி தெரியாமல், வேலை போய்விடுமோ என்று வாய்மூடி நிற்கும் குடிவரவாளருக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்பதை நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இன்றைய ஒன்ராறியோ கட்டுமான விதிகளில் என் மனதைத் தொட்டது ஒரு சிறு அடையாள வில்லை. அமுக்கிய காற்றில் வேலை செய்பவர் அதை அணிந்திருக்க வேண்டும். வெளியே வந்து நேரம் சென்ற பிறகும் குமிழிகள் தாக்கலாம். வீதியில் அவர் சுருண்டு விழுந்தால், ஆஸ்பத்திரிக்கு அல்ல, மருத்துவ அமுக்க அறைக்குக் கொண்டுபோகும்படி அந்த வில்லை அவருக்காகப் பேசும்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதையும் இதே நகரம் கண்டது. 2009 டிசம்பர் 24 அன்று கிப்ளிங் அவெனியூவில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் 13ஆம் மாடி உயரத்தில் தொங்குமேடை முறிந்தது. அதில் ஆறு தொழிலாளர்கள் நின்றார்கள். உயிர்காப்புக் கயிறுகள் இரண்டே இருந்தன. ஆளுக்கொரு தனிக் கயிறு வேண்டும் என்ற விதி அன்றும் இருந்தது. ஐவர் விழுந்தார்கள், அவர்களில் நால்வர் இறந்தார்கள். உயரத்தில் வேலை செய்வோருக்கான பயிற்சி 2015இல் கட்டாயமானது. அந்த வேலையின் திட்ட மேலாளருக்கு 2016இல் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆறாவது தொழிலாளியின் கயிறு மட்டும் சரியாகக் கட்டப்பட்டிருந்தது. அந்தரத்தில் தொங்கிய அவரை மேலே இழுத்தெடுத்தார்கள்.