புயலும் எங்கள் கொல்லைப் பறவைகளும்

புயல் வீசும்போது பறவைகள் என்ன செய்கின்றன? இதற்கு விடை கண்டது வகுப்பறையிலன்று, எங்கள் கொல்லையில். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னைகள் சாய்ந்து கிடந்தன; காற்று இன்னும் ஓயவில்லை. வேலிப் புதரின் அடிக்கிளையில் ஒரு கொண்டைக்குருவி பந்துபோல் உப்பி, காற்றை எதிர்நோக்கி அமர்ந்திருந்தது. இறகுகளினூடே அடைபடும் காற்று போர்வையாகி உடற்சூட்டைக் காக்கிறது. காற்றுக்கு முதுகு காட்டினாலோ இறகு கலைந்து நீர் உட்புகும். வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் பூசிக்கொள்வதும் நனையாமலிருக்கவே.

நனைவதைவிடப் பசியே கொடிது. சிற்றுடல் விரைவில் குளிர்ந்துவிடும். ஈடுகொடுக்க நாள்தோறும் இரை வேண்டும். பெருமழையில் பூச்சிகள் பறப்பதில்லை, பூக்களும் உதிர்ந்துவிடுகின்றன. எங்கள் கொல்லையில் மிஞ்சியது, விழுந்த வாழையொன்றின் பூ மட்டுமே. தரையோடு கிடந்த அதில் ஒரு தேன்சிட்டு, பூனைக்கும் அஞ்சாமல் தேனருந்திக் கொண்டிருந்தது. அப்பா அரிவாளோடு வந்தார். "இரண்டு நாள் கிடக்கட்டும் அப்பா" என்றேன். தென்னைகளை இழந்து நிற்பவரிடம் ஒரு சிட்டுக்காகப் பரிந்து பேச எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த மரத்தை வெட்டப் போனார்.