வெள்ளத்தில் உறங்கும் நெல்

நாற்று நட்டு ஒரு மாதம் ஆகிறது. பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. திடீரென்று ஆற்றில் வெள்ளம் வருகிறது. வயல் முழுவதும் மூழ்கிவிடுகிறது. பத்து நாள் கழித்து நீர் வடிகிறது. வயலில் மிஞ்சுவது அழுகிய பயிர்தான்.

விதைக்குப் போட்ட பணம் போயிற்று. உழவுக்கும் நடவுக்கும் கொடுத்த கூலி போயிற்று. வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் இந்தத் துயரம் அடிக்கடி நேர்கிறது.

நெல் தண்ணீரில் வளரும் பயிர் ஆயிற்றே! அது ஏன் சாகிறது?

நெல்லின் வேர் நீரில் இருக்கலாம். ஆனால் தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். முழுதும் மூழ்கினால் போதிய காற்றும் வெளிச்சமும் கிடைக்காது. அப்போது பயிர் தலையை வெளியே நீட்டப் பார்க்கிறது. வேக வேகமாக உயர்கிறது. சேர்த்து வைத்த சத்தை எல்லாம் அதற்கே செலவழித்துவிடுகிறது. நீர் வடிந்ததும் நிற்க வலு இல்லை. சாய்ந்து விழுகிறது. அழுகிப் போகிறது.

பழைய நெல்லில் ஒரு புதையல்

ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக ஒரு நாட்டு நெல்லைக் காத்து வந்தார்கள். அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகத்தின் பெயர் எஃப்.ஆர்.13ஏ. இது வெள்ளத்தில் உயர்ந்து வளர்வதில்லை. உறங்குவது போல அடங்கி இருக்கும். சத்தை மிச்சம் பிடிக்கும். நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும்.

ஆனால் ஒரு குறை. இதில் விளைச்சல் குறைவு.

ஆந்திராவில் உருவான சுவர்ணா நெல் நன்றாக விளையும். ஆனால் வெள்ளம் தாங்காது. இரண்டையும் சேர்த்தால் என்ன?

குறி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்

பெற்றோரின் குணம் பிள்ளைக்கு வருகிறது அல்லவா? குணங்களைக் கொண்டு வருவது மரபணு. அது கண்ணுக்குத் தெரியாது. பயிருக்கும் மரபணு உண்டு. வெள்ளம் தாங்கும் குணம் நெல்லின் மரபில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை 1996-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். அதற்கு 'சப்-1' என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு நெல்லையும் கலந்தால் நல்ல குணமும் வரும், வேண்டாத குணமும் வரும். எந்த நாற்றில் எது வந்தது என்று எப்படி அறிவது?

சலவைத் தொழிலாளி துணியின் ஓரத்தில் குறி போடுவார். நூறு துணி கலந்து கிடந்தாலும், குறியைப் பார்த்து உங்கள் வீட்டுத் துணியை எடுத்துவிடுவார். மரபணுவின் பக்கத்திலும் இப்படிக் குறிகள் உண்டு. இவை இயற்கையாகவே அமைந்தவை. நாற்றின் இலையில் சிறு துண்டை எடுத்துச் சோதித்தால் குறி தெரிந்துவிடும். வெள்ளத்தில் மூழ்க வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

குறி உள்ள நாற்றை மீண்டும் சுவர்ணாவோடு கலந்தார்கள். மறுபடியும் குறி பார்த்தார்கள். இப்படிச் சில முறை செய்தார்கள். கடைசியில் கிடைத்த நெல் கிட்டத்தட்ட எல்லா வகையிலும் சுவர்ணாவைப் போலவே இருந்தது. வெள்ளம் தாங்கும் குணம் புதிதாகச் சேர்ந்திருந்தது. அதுதான் சுவர்ணா சப்-1. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இது உருவாயிற்று. 2009-இல் இந்தியாவில் விவசாயிகளுக்காக வெளியிடப்பட்டது.

யாருக்கு நன்மை?

ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பத்து நாள் மூழ்கிய வயலில் சுவர்ணா சப்-1, சுவர்ணாவைவிடச் சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் தேங்கும் பள்ள நிலங்களில் தாழ்த்தப்பட்ட மக்களின் பங்கு அதிகம். ஆகவே அவர்களுக்கே இந்த நெல்லால் அதிக நன்மை என்று அந்த ஆய்வு கூறியது.

தமிழ்நாட்டில் காவிரிப் பாசனப் பகுதியில் பயிராகும் சி.ஆர்.1009 நெல்லிலும் இதே குணத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

நினைவில் வையுங்கள்

இந்த நெல் எல்லா வெள்ளத்தையும் தாங்காது. பயிர் வளரும் பருவத்தில் வந்து, இரண்டு வாரத்துக்குள் வடியும் வெள்ளத்தைத்தான் தாங்கும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் பிழைப்பது கடினம். மாதக் கணக்கில் நீர் நிற்கும் நிலத்துக்கும் இது ஏற்றதல்ல.

இது வீரிய ஒட்டு நெல் அல்ல. உங்கள் விளைச்சலிலிருந்தே நல்ல விதை எடுத்து வைக்கலாம்.

நீர் வடிந்ததும் பயிர் செத்தது போலத் தெரியும். அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள். சில நாள் பொறுங்கள். அடித்தண்டைப் பாருங்கள். அங்கே புதுத் துளிர் தெரியும்.