உஷார்! கடுவன் பூனை மூலையில் உட்கார்ந்து முக்குகிறதா?

பூனை சோபாவில் மூத்திரம் போய்விட்டது என்று விளக்குமாற்றைத் தூக்குகிறீர்களா? ஒரு நிமிஷம். உள்ளங்கை அகலத்துக்கு ஈரமா, வெறும் சொட்டா? பூனை கடுவனா, பெட்டையா?

கடுவன் பூனை மண் தட்டில் உட்கார்ந்து எழுந்து, பாத்ரூம் ஓரம் போய் முக்கி, அடியை நக்கி நக்கிக் கத்தியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது சேட்டையே இல்லை. மூத்திரக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. கடுவனுக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். சளியும் உப்புப் படிகமும் சேர்ந்த சின்னக் கட்டி போதும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். முழு அடைப்பென்றால் 2, 3 நாளில் உயிர் போகும், சிலதுக்கு அதற்கும் முன்பே. வாந்தியும் சோர்வும் வந்துவிட்டால் மிச்சமிருப்பது சில மணி நேரம்தான்.

இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று படுக்கிறார்கள். அந்த ராத்திரிதான் ஆபத்து. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், புடைத்த மூத்திரப்பை கிழிந்துவிடலாம். வலிக்குப் பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. மனுஷருக்கான ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

செஞ்சியில் வெயில் காலத்தைச் சொல்லவே வேண்டாம். ராஜகிரி மலையும் கிருஷ்ணகிரி மலையும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி ஊருக்குள் விடுகின்றன. பூனையோ இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பிராணி. அதற்குக் காய்ந்த பாக்கெட் தீனியும் கருவாடும் மட்டும் வைத்தால் மூத்திரம் கெட்டிப்படும். தீனியில் தண்ணீர் கலந்து வையுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவின் குதிரைக்குக் கதைப்பாட்டில் இடம் உண்டு. மாட்டுக்கு நோய் என்று 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் மருத்துவ வண்டி வரும். பூனைதான் நம் ஊரில் யார் கணக்கிலும் இல்லை. ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரிடம், "கடுவன் பூனை, காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பூனைக்குப் போடும் மெல்லிய டியூப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். சுமார் 70 கிலோமீட்டரில் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரிக் கல்லூரி 150 கிலோமீட்டருக்கு மேல். கிளம்புமுன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து நம் பக்கெட்டில். மூத்திர நாற்றம் போக பிளீச்சிங் பவுடர் தூவுகிறோமே, அது மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயுவைக் கிளப்பும். அதன் மேல் பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றினால் குளோரின் வரும்; ஜன்னல் இல்லாத அறையில் மனுஷருக்கே ஆபத்து. பினாயில் வகைகள் பலவற்றில் உள்ள ஃபீனாலைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம். சோப்புத் தண்ணீரால் கழுவி உலர விடுங்கள். நாற்றம் நிற்காவிட்டால் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் திரவம் இருக்கிறது.

வாலைத் தூக்கி ஆட்டிச் சுவரில் பீய்ச்சுகிற பூனை வேறு கதை. எல்லை குறிக்கிறது, கருத்தடை செய்தால் பெரும்பாலும் அடங்கும். பக்கத்து மனையில் கொட்டியிருந்த மணல் தீர்ந்துபோனதும் வீட்டுக்குள் போக ஆரம்பித்ததா? அகலமான பேசினில் ஆற்றுமணல் போட்டு, சாப்பாட்டுக்குத் தள்ளி வையுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று பேசின். அடித்தால் ஒளிந்து போகுமே தவிர நிறுத்தாது. மூத்திரத்தில் ரத்தம் தெரிந்தால் பெட்டையானாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

டியூப் போட்டுப் பிழைத்து வந்த கடுவன் மறுபடி அடைத்துக்கொள்வது சகஜம். வீட்டுக்கு வந்த முதல் சில வாரம் பேசினில் விழும் ஈரக் கட்டிகளைத் தினமும் பாருங்கள். குறைந்தால் அன்றைக்கே வண்டியை எடுங்கள்.