உங்களுக்குத் தெரியுமா? வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த சீரம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். பரிசோதிக்கச் சென்னையில் வசதியில்லை. பிரித்த சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி, ஐஸ் பெட்டியில் வைத்து வேலூருக்கு ரயிலேறினார். ஆறு மாதிரிகளில் தொற்று!

பழி அந்தப் பெண்கள் தலையில் விழுந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யார் கேட்டார்கள்?

1993-இல் சுனிதி ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். அங்கு சிகிச்சைக்கு வந்த தொற்றுள்ள பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஆணுடன் மட்டும் உறவு கொண்டவர்கள். அந்த ஆண், பெரும்பாலும், தாலி கட்டியவர்தான்.