70 வளைவுகளில் ஒரு பழைய கார்!

கொல்லிமலைச் சோளக்காட்டுக்குக் காரவள்ளி வழியாகக் காரில் போவதென்றால், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும்.

பழைய அம்பாசிடர் காருக்கு இது கடும் சோதனை!

2014-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும், ஆசையோடு அதைப் பேணுவோர் உண்டு.

'கார் குலுங்குகிறதே' என்று சிலர் பின்புற ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைச் சேர்ப்பார்கள். அது பாரம் தாங்கத்தான் உதவும். இறக்கத்தில் பிரேக் போட்டால் காரின் பாரம் முன்னே சாயும், பின்புறம் இலேசாகும். ஸ்பிரிங்கும் விறைப்பாக இருந்தால், மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது?

என்ன செய்யலாம்?

தேய்ந்த ரப்பர் புஷ்களை முதலில் மாற்றுங்கள். பிறகு நல்ல ஷாக் அப்சார்பர்களைப் பொருத்துங்கள். துள்ளலை அடக்குபவை அவைதான்.

குலுங்காமல் போவது சுகம். சக்கரம் தரையை விடாதிருப்பதோ, உயிருக்குக் காவல்!